ஜன்னலுக்கு வந்த நாரை

மாசம் முடியும் முன்னே அவசரப்பட்டுப் பிறந்த அந்தக் குட்டியை மர்லேன் ஆஸ்பத்திரியிலிருந்து மாமனார் வீட்டுக்குத் தூக்கி வந்த அன்று, பின்னாலேயே வெயிலும் வந்து குடியேறிவிட்டது. குழந்தையின் அப்பன் சிட்சே டென்மார்க் பக்கம் தூர்வாரும் கப்பலில் இருக்கிறான். ஆக வீட்டில் மாமனார் டௌவே, மருமகள் மர்லேன், பெயர் வைத்தும் பெயர் சொல்லிக் கூப்பிடப்படாத ஒரு கைக்குழந்தை. எதிர் வீட்டில் நானும் என் பெண்டாட்டி ஹிஸ்கேவும். என்னை நீங்கள் மறந்துவிடலாம், ஹிஸ்கேவை மறக்க அவள் விடமாட்டாள்.

முப்பத்தைந்து டிகிரிக்கா இந்தப் பாடு என்று வெயில் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் வீடுகள் குளிருக்காகக் கட்டியவை. செங்கல் சுவர், தடித்த கூரை, தெருப்பக்கம் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி ஜன்னல். கிடைக்கிற கொஞ்சம் வெயிலையும் விடாமல் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளக் கட்டிய வீட்டில் நிஜ வெயில் புகுந்தால், வேண்டாத விருந்தாளி மாதிரிதான், லேசில் கிளம்பாது. கடைத்தெருவில் மின்விசிறி எல்லாம் விற்றுத் தீர்ந்தாயிற்று. நான் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன், என் வண்டிக்குள் அன்று வெண்ணெய் தானாகவே உருகிக் கிடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பகலில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை. தெரு பார்த்தால் பார்க்கட்டும், ஒளிக்க என்ன இருக்கிறது என்பது எங்கள் கௌரவம். பட்டப்பகலில் திரை மூடியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் சாவு.

டௌவேயின் மனைவி ட்ரீன் போனபோது அப்படித்தான் மூடினார்கள். அவளே தைத்த கருநீலத் திரை. சிட்சே அப்போதும் கப்பலில்தான் இருந்தான், சேதி போய்ச் சேரவில்லை. வழக்கமான விடுப்பில் பஸ்ஸில் வந்து இறங்கி, பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து வீட்டைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். யாரும் சொல்லாமலேயே தெரிந்துகொண்டு, பையோடு அப்படியே பாலத்தில் உட்கார்ந்துவிட்டான். காரியம் முடிந்ததும் டௌவே திரைகளைக் கழற்றிப் பரணில் போட்டார். அன்றிலிருந்து அந்த ஜன்னலில் ஒரு கைக்குட்டைகூடத் தொங்கியதில்லை.

இத்தனையும் எங்களுக்குத் தெரியும். தெற்கிலிருந்து வந்த மர்லேனுக்குத் தெரியாது.

அன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

"மாமா, ஜன்னலை எல்லாம் மூடிடலாம்."

"மூடினா புழுங்கும்மா. நல்லா காத்து வரட்டும்."

"வர்றது காத்தா மாமா? அனல். வெளியில இருக்கிற சூட்டைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வர்றோம். எங்கம்மா வீட்ல வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே ஜன்னல் கதவு எல்லாத்தையும் இழுத்துச் சாத்திடுவாங்க. சாயங்காலம் காத்து குளிர்ந்தப்புறம்தான் திறப்பாங்க. வீடு கிணத்தடி மாதிரி இருக்கும்."

"அது உங்க ஊரு. நான் பொறந்ததிலிருந்து இந்த வீட்டுல கோடையில ஜன்னல் திறந்துதான் கிடக்கும்."

"அப்போ இந்த வெயில் அடிக்கலையே மாமா. சரி, ஒரு திரையாவது…"

"திரை கிரைன்னு இந்த வீட்டுல பேசாதே."

குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்த குரலைக் கேட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது. தொட்டில் கூடைப் பக்கம் குனிந்தார்.

"சின்னது பால் குடிச்சுதா?"

"ரெண்டு வாய். அதுக்குள்ள அசந்து போச்சு. இன்னைக்கும் சரியா குடிக்கலேன்னா திரும்ப ஆஸ்பத்திரிதான்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க மாமா. ரூம் சூடு இறங்கியே ஆகணுமாம்."

டௌவே கூடைத் துணியைச் சரிசெய்தார். 'சின்னது' என்றுதான் அவர் எப்போதும் சொல்வார். குழந்தைக்குப் பாட்டியின் பெயரையே, ட்ரீன் என்று, மகனும் மருமகளும் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. பிள்ளை பிறந்த வீட்டு ஜன்னலில் மர நாரை மாட்டுவது எங்கள் வழக்கம். சிட்சே பிறந்தபோது மாட்டிய நாரை இன்னும் அவர் கொட்டகையில் கிடக்கிறது. "ஏன்யா, அதை எடுத்து மாட்டக் கூடாதா?" என்று நான் கேட்டதற்கு, "முதல்ல நிலைக்கட்டும்" என்றார். சந்தோஷப்படுகிற சத்தம் கேட்டால் எங்கிருந்தாவது கெட்டது எட்டிப் பார்த்துவிடுமோ என்று மனுஷனுக்குப் பயம்.

அவர் வேலை பாலக்காவல். வாய்க்காலின் அக்கரையில் அவருடைய காவல் அறை. படகு வந்தால் பாலத்தைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். வெயில் நாளில் இரும்பு வீங்கிப் பாலம் சிக்கிக்கொள்ளும். அதனால் வாய்க்கால் தண்ணீரைக் குழாயில் இறைத்துப் பாலத்தைக் குளிப்பாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று முழுக்க அதைத்தான் செய்தார்.

"பாலத்துக்கு நாள் முழுக்க அபிஷேகம். வீட்டுல இருக்கிற பச்சப் புள்ளைக்கு ஒரு முழம் நிழல் கிடையாது" என்று ஹிஸ்கே முணுமுணுத்தாள். அவள் முணுமுணுத்தால் இரண்டு தெருவுக்குக் கேட்கும்.

உச்சி வெயில் நெருங்கியபோது குழந்தை இன்னொரு தடவையும் பால் மறுத்துவிட்டது. கழுத்து மடிப்பெல்லாம் சிவந்து, வாய் உலர்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக் கிடந்தது. மர்லேனுக்கு அழுகை முட்டியது. மாமனார் பேச்சா, பிள்ளை உயிரா என்று அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. பரணில் ஏறினாள்.

பெட்டியைத் திறந்ததும் அந்தத் துணி கிடைத்தது. கருநீலம், கனமானது, பூச்சி உருண்டை வாசனையோடு. "இவ்வளவு நல்ல திரையை வெச்சுக்கிட்டா மனுஷன் வேண்டாங்கிறார்!" என்று அவளுக்குக் கோபமே வந்ததாம். பின்னால் அவளே என்னிடம் சொன்னாள்.

ஜன்னல்களை அடைத்தாள். திரையை மாட்டி ஓரத்திலிருந்து ஓரம் இழுத்து மூடினாள். கூடையைத் தூக்கிக் கல் தரையில் வைத்தாள். நனைத்த படுக்கை விரிப்பை வாசல் நிலையில் தொங்கவிட்டாள். வாசல் மணி அடித்துப் பிள்ளை விழித்துவிடக் கூடாதென்று அதன் கம்பியையும் கழற்றினாள். எங்கள் தெருவில் பெற்ற பிள்ளை வீட்டுக்கு வந்தாலும் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், மணிதான் அடிப்பார்கள். மணிக்குப் பதில் இல்லையென்றால் தொந்தரவு செய்யாமல் போய்விடுவார்கள்.

அறையின் சூடு மெல்ல மெல்ல இறங்கியது. குழந்தையின் வாய் துழாவ ஆரம்பித்தது. எடுத்து மார்பில் வைத்தாள். பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கமும் குடித்தது. மர்லேன் சத்தம் வராமல் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கூடைக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்து, பல நாள் தூக்கத்தை ஒரேயடியாகத் தூங்கிப்போனாள்.

எதிர் வீட்டில் ஹிஸ்கே ஜன்னல் வழியே பார்த்தாள். கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். மணி அடித்தாள். மறுபடி அடித்தாள். பதில் இல்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொள்ள அவளிடம் முந்தானை கிடையாது, சமையல் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அக்கரையில் டௌவே பாலத்தைத் தூக்கிவிட்டு, தூண்டில் கழியின் நுனியில் மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். படகுக்காரர்கள் பாலக் காசை அதில்தான் போடுவார்கள். முதல் படகு கடந்தது. இரண்டாவது வந்தது. சும்மா நிமிர்ந்து வீட்டுப் பக்கம் பார்த்தார்.

கழி கையிலிருந்து நழுவிற்று. செருப்பு தண்ணீரில் விழுந்து மிதந்துகொண்டே போனது.

"என்னை அக்கரையில இறக்கு" என்றார் படகுக்காரரிடம்.

"பெரியவரே, பாலம்…"

"இறக்குப்பா!"

ஒரு நாளும் காவல் அறையை விட்டு நகராத மனுஷன், தூக்கிய பாலத்தைத் தூக்கியபடியே விட்டுவிட்டுப் படகில் குதித்தார்.

அந்த நேரம் காவல் அறை இருக்கிற பக்கம் நின்ற வண்டி வரிசையில் நானும் இருந்தேன். வெயிலில் எல்லோருக்கும் மண்டை காய்ந்திருந்தது. ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். "கிழவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று பின்னால் ஒருத்தன் கத்தினான். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். டௌவே வீட்டுக் கரையில் ஏறி ஓடிக்கொண்டிருந்தார். அவர் ஓடுகிற திசையில் அந்த நீலத் திரை.

நான் தொப்பியைக் கழற்றினேன். எனக்குப் பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், இன்ஜினை நிறுத்தினார். அடுத்தவரும் நிறுத்தினார். புத்தி கெட்டுப்போச்சா என்று கத்தினவனும் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான். அத்தனை வண்டிகள் நின்ற இடத்தில் ஒரு சத்தமில்லை.

டௌவே கொல்லைப்புறக் கதவு வழியாக நுழைந்தார். இருட்டு. அதே பூச்சி உருண்டை வாசனை, அதே துணி, அதே நீல வெளிச்சம். தரையில் மருமகள் அசையாமல் கிடந்தாள். பக்கத்தில் கூடை. முட்டி போட்டுத்தான் கூடை வரைக்கும் போனார். கையை நீட்டினார், தொடத் துணிவு வரவில்லை.

"ட்ரீன்" என்றார். "ட்ரீன் குட்டி…"

உள்ளேயிருந்து ஒரு விக்கல் வந்தது.

வயிறு நிறையக் குடித்த பிள்ளைக்கு வருகிற விக்கல். இன்னொன்றும் வந்தது. அவர் கூடையின் விளிம்பில் நெற்றியை வைத்து, ஓவென்று அழுதுவிட்டார்.

மர்லேன் பதறி எழுந்தாள். "மாமா! என்னாச்சு? திரை போட்டதுக்கா அழுறீங்க? கழட்டிடுறேன் மாமா, கோவிச்சுக்காதீங்க. ஆனா முழுசா குடிச்சா மாமா! ரெண்டு பக்கமும்!"

"கழட்டாதே" என்றார். "அப்படியே இருக்கட்டும். எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு பாரு."

திரைக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் சொன்னார். கேட்டவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ மாமா! எனக்குத் தெரியாதே… பாலத்துலேருந்து இங்க வர்ற வரைக்கும் நீங்க என்ன பாடு பட்டிருப்பீங்க!"

"உன் மேல தப்பில்லம்மா. சொல்லியிருக்கணும். திரைன்னாலே வாயை அடைச்சா உனக்கு எப்படித் தெரியும்?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "காலையில கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதே."

"என்ன மாமா நீங்க" என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் விக்கலைக் கேட்டபடி கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகுதான் அவருக்குப் பாலம் ஞாபகம் வந்தது.

வாய்க்கால் கரைக்கு ஓடிவந்து நாங்கள் நின்ற பக்கம் பார்த்துக் கத்தினார். "தூங்குது! புள்ள தூங்குது! ஒண்ணுமில்ல!"

அடக்கி வைத்திருந்த அத்தனை பேரும் சந்தோஷத்தில் ஒரே நேரத்தில் ஹாரனை அழுத்தினோம்.

"அடேய், எழுப்பிடாதீங்கடா!"

சட்டென்று நிறுத்தினோம். பாலமோ வீங்கிப்போய் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. டௌவே படகில் திரும்பி வர, நாங்கள் பத்துப் பேர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அதைச் சமாதானம் செய்தோம்.

சாயங்காலம் காற்று குளிர்ந்தது. மர்லேன் சொன்னபடி முன்னும் பின்னும் ஜன்னல்களைத் திறந்தார்கள். வீடு மூச்சு விட்டது. என் வண்டியிலிருந்து ரஸ்க் கொண்டுபோனேன். அதில் வெண்ணெய் தடவி, மேலே இளஞ்சிவப்பு சோம்பு மிட்டாய் தூவி, பிள்ளை பிறந்த வீட்டில் தர வேண்டியதை வாரக் கணக்கில் தாமதமாக டௌவே தன் கையாலேயே தெருவுக்கெல்லாம் கொடுத்தார்.

எல்லோரும் தின்றார்கள். ஹிஸ்கே மட்டும் தின்னவில்லை. அவள் தின்னாமலும் பேசாமலும் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னடி ஆச்சு?"

"நான்… மணி அடிச்சேன், யாரும் திறக்கல. மனசு கேக்கல. சிட்சேக்குச் சேதி அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

"'தைரியமா இருப்பா, குட்டி இனிமே வலியில்லாம தூங்கும்'னு." சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

மர்லேன் போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது கப்பல் சமையல்காரர். சிட்சே மத்தியானமே கரைக்குப் போகிற படகில் ஏறிவிட்டான், போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு ஓடினான், காலையில் ஊர் வந்து சேர்ந்துவிடுவான் என்றார். வழியில் அவனைப் பிடிக்க ஒரு மார்க்கமும் இல்லை.

"மாமா, திரையைக் கழட்டிடுவோம்" என்றாள் மர்லேன். "அவர் பாலத்துலேருந்து பார்த்தா…"

"நாளைக்கு இன்னும் ரெண்டு டிகிரி ஏறுமாம். கழட்டினா சின்… ட்ரீன் என்ன ஆவா?"

டௌவே கொட்டகைக்குப் போனார். தூசி தட்டி அந்த மர நாரையை எடுத்து வந்தார். வண்ணம் உதிர்ந்து, ஒரு கால் கொஞ்சம் ஆடியது. அலகில் தொங்கும் மூட்டையில் சிட்சேயின் பெயர் மங்கலாக இருந்தது. அதன் கீழே தூரிகையால் நிதானமாக எழுதினார்: ட்ரீன். ஜன்னலின் வெளிப்பக்கம், நீலத் திரைக்கு முன்னால் மாட்டினார்.

"நீ போய் பாலத்துலேருந்து பாருய்யா" என்று என்னை அனுப்பினார்.

போனேன். அன்றைக்கு சிட்சே உட்கார்ந்த அதே இடத்தில் நின்றேன்.

"எது முதல்ல தெரியுது?" என்று கத்தினார். "நாரையா, திரையா?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

"திரைதான் டௌவே."

நாரையை இடது பக்கம் நகர்த்தினார். வலது பக்கம் நகர்த்தினார். எப்படி வைத்தாலும் திரைதான். கொஞ்ச நேரம் கழித்து நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அன்னிக்கு அவன் இங்க உட்கார்ந்ததை நான் திரை இடுக்கு வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். "எழுந்து வெளிய வரல. அவன் மூஞ்சியைப் பார்க்கத் தெம்பில்ல. தனியா உட்கார்ந்து தனியா எழுந்து வந்தான் என் புள்ள." மூக்கை உறிஞ்சினார். "இந்தத் தடவை முதல்ல என் மூஞ்சியைப் பார்க்கட்டும். அப்புறம் எதை வேணா பார்க்கட்டும்."

மறுநாள் வெயில் ஏறுமுன் ஜன்னல்களை அடைத்துத் திரையை இழுத்து மூடியது டௌவேயின் கைதான். பாலக்காவலுக்கு மாற்று ஆளைச் சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அக்கரையில் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றார். முதுகைத் தன் வீட்டுக்குக் காட்டி, முகத்தைச் சாலைக்குக் காட்டி நின்றார். வெயில் ஏறியதும் ஹிஸ்கே போய் ஒரு வார்த்தை பேசாமல் அவர் தலைக்கு மேல் குடை பிடித்தாள்.

முதல் பஸ் வந்தது. கதவு திறந்தது. இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். கதவு மூடிக்கொண்டது.

சிட்சே அதில் இல்லை. அடுத்த பஸ் வருகிற சாலையைப் பார்த்தபடி டௌவே நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.